திருடியவன் எவனோ, ஈடு கட்டுபவர் யார்?

மளிகைக் கடைக்காரர் ஒருவர் அன்றைய விற்பனைப் பணத்தை வங்கியில் செலுத்துகிறார். காசாளர் ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை மட்டும் தனியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். அது கள்ள நோட்டு. அதன்மேல் முத்திரை குத்தித் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். கடைக்காரருக்கு ஓர் ஒப்புகைச் சீட்டு கிடைக்கிறது. ஐந்நூறு ரூபாய் கிடைப்பதில்லை. நோட்டை அச்சடித்தவன் எங்கோ இருக்கிறான். அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் யார் என்பதும் கடைக்காரருக்கு நினைவில்லை. தாள் கடைசியாக யார் கையில் இருந்ததோ, இழப்பு அவருக்கு. கள்ள நோட்டின் கணக்கு இவ்வளவுதான்.

இப்போது வேறொரு நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். ஒரு பெண்மணி கடையில் பற்று அட்டையைக் கொடுத்துப் பொருள் வாங்குகிறார். அட்டை அவரிடம் பத்திரமாகத் திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் அதிலுள்ள விவரங்களை அந்தக் கடையின் கணிப்பொறியிலிருந்து எவனோ படியெடுத்துவிட்டான். பத்து நாள் கழித்து, ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள வேறொரு கடையில், அந்த விவரங்களைக் கொண்டு செய்த போலி அட்டையால் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கப்படுகிறது. பெண்மணியின் அட்டை அவருடைய கைப்பையிலேயே இருக்கிறது. கணக்கில்தான் பணம் இல்லை.

இந்த இழப்பு யாரைச் சேர வேண்டும்? பெண்மணியையா? விவரங்களைப் பறிகொடுத்த முதல் கடையையா? போலி அட்டையை ஏற்றுக்கொண்ட இரண்டாம் கடையையா? அட்டையை வழங்கிய வங்கியையா? கேட்பதற்கு இது வழக்கறிஞர்களின் கேள்வி போலத் தோன்றும். ஆனால் இதற்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே எந்த நாட்டில் எத்தகைய அட்டை புழங்கும், எவ்வளவு திருட்டு நடக்கும் என்பதும் அமைகிறது. அது எப்படி என்று காண்போம்.

ஓர் அட்டை, ஐந்து பேர்

அட்டை கொண்டு வாங்கும்போது நம் கண்ணுக்குத் தெரிபவர்கள் இருவர்: வாங்குபவர், விற்பவர். உண்மையில் ஒவ்வொரு விற்பனையிலும் ஐவர் பங்கு கொள்கின்றனர். வாடிக்கையாளர் முதலாமவர். அவருக்கு அட்டை வழங்கிய வங்கி இரண்டாமவர். கடைக்காரர் மூன்றாமவர். கடைக்காரருக்காகப் பணத்தைப் பெற்றுத்தரும் அவருடைய வங்கி நான்காமவர். இவ்விரு வங்கிகளையும் இணைக்கும் விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை வலையமைப்பு ஐந்தாமவர்.

அட்டையைத் தேய்த்தவுடன் கடையின் பொறி விவரங்களைக் கடையின் வங்கிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அவை வலையமைப்பு வழியாக அட்டை வழங்கிய வங்கியை அடைகின்றன. “கணக்கில் பணம் உண்டா? அட்டை தடை செய்யப்பட்டதா?” என்று அந்த வங்கியின் கணிப்பொறி பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று விடை அனுப்புகிறது. இவ்வளவும் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன.

ஐவரும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஆனால் எந்தக் கண்ணி அறுந்தாலும் அடி விழுவது வேறொரு கண்ணியின் மேல். சிக்கலின் வேர் இதுதான்.

காந்தப் பட்டை ஏன் ஏமாந்தது?

பழைய அட்டைகளின் பின்புறத்தில் கருநிறப் பட்டை ஒன்று ஓடும். ஒலிநாடாவைப் போலவே அதிலும் மிக நுண்ணிய காந்தத் துகள்கள் பூசப்பட்டுள்ளன. 1960-களில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்துப் பொறியாளர் ஃபாரஸ்ட் பேரி என்பவர் காந்த நாடாவை நெகிழி அட்டையில் ஒட்டும் வழியைக் கண்டார். வெப்பத்தால் நாடாவை அட்டையோடு இணைக்கலாம் என்ற எண்ணம் வீட்டில் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியிலிருந்து பிறந்தது என்று சொல்வார்கள்.

பட்டையில் இணையாகத் தடங்கள் உள்ளன. கடைகள் பெரும்பாலும் படிக்கும் இரண்டாம் தடத்தில் 40 குறிகளுக்கு மட்டுமே இடம். அட்டை எண், காலாவதியாகும் மாதமும் ஆண்டும், சரிபார்ப்புக்கான சில இலக்கங்கள் ஆகியவை அதில் பதிந்திருக்கும். துகள்களின் காந்தத் திசை மாறும் இடங்களே 0, 1 என்னும் குறிகளாகின்றன. படிக்கும் தலையின் மீது பட்டை நகரும்போது அதன் சுருளில் சிறு மின்னோட்டம் தூண்டப்படுகிறது. ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டலைப் பாடத்தில் படித்திருப்பீர்கள், அதே தத்துவம்தான்.

குறை எங்கே? பட்டை ஒவ்வொரு முறையும் ஒரே விடையைச் சொல்கிறது. இன்று ரொட்டிக் கடையில் சொன்னதையே நாளை நகைக் கடையிலும் சொல்லும். அதை ஒரு முறை ஒட்டுக்கேட்டவன் வெற்று அட்டை ஒன்றில் அப்படியே பதிந்துகொள்ளலாம். அதன்பின் அசல் எது, நகல் எது என்று படிக்கும் பொறிக்குத் தெரியாது.

2013: கடையில் புகுந்த ஒட்டுக்கேட்பான்

டார்கெட் என்பது அமெரிக்காவின் பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்களுள் ஒன்று. 2013-இல் அந்நாட்டில் அதற்குச் சுமார் 1,800 கடைகள் இருந்தன. கிறிஸ்துமஸ் விற்பனை சூடுபிடிக்கும் காலம். நவம்பர் 27 முதல் டிசம்பர் 15 வரை அக்கடைகளில் அட்டை தேய்த்தவர்களின் விவரங்கள் களவு போயின. களவு போன அட்டைக் கணக்குகள் 4 கோடி. இதைத் தவிர 7 கோடிப் பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் முதலியனவும் கள்வர் கைக்குச் சென்றதாகப் பின்னர் தெரியவந்தது.

கள்வர்கள் முன்வாசல் வழியாக வரவில்லை. டார்கெட் கடைகளின் குளிர்பதன அமைப்பைப் பராமரிக்கும் சிறிய ஒப்பந்த நிறுவனம் ஒன்று இருந்தது. அதற்கு முதலில் ஒரு பொய்யான மின்னஞ்சலை அனுப்பினர். அதனுடன் வந்த தீநிரல் ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கவர்ந்தது. பட்டியல்களைச் சமர்ப்பிக்க டார்கெட்டின் கணிப்பொறிக்குள் நுழையும் உரிமை ஒப்பந்தக்காரருக்கு உண்டு. அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே புகுந்தவர்கள், படிப்படியாக விற்பனைப் பொறிகளை எட்டிவிட்டனர்.

அங்கே அவர்கள் வைத்த நிரல் செய்த வேலை வியப்பானது. அட்டை விவரங்களை வங்கிக்கு அனுப்பும்போது குறியாக்கம் செய்து, பிறருக்குப் புரியாத வடிவில் மாற்றி அனுப்ப முடியும். ஆனால் பட்டையைப் படித்த கணத்திற்கும் குறியாக்கம் செய்யும் கணத்திற்கும் நடுவே, விவரம் பொறியின் நினைவகத்தில் வெளிப்படையாக இருக்கும். அந்தக் கணப்பொழுதில் நிரல் நினைவகத்தைத் துழாவி எண்களை வழித்தெடுத்தது. பாலைக் கொதிக்க வைத்து மூடி வைப்பதற்குள் பூனை வாய் வைத்தது போல!

டார்கெட்டிடம் காவல் இல்லாமல் இல்லை. ஊடுருவலைக் கண்டறியும் மென்பொருள் எச்சரிக்கை மணி அடித்தது. அதைக் கேட்டு உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கப்படவில்லை. டிசம்பர் 12-ஆம் நாள் அமெரிக்க நீதித் துறை தெரிவித்த பிறகே நிறுவனம் விழித்துக்கொண்டது. டிசம்பர் 19-இல் செய்தி அதிகாரபூர்வமாக வெளியாயிற்று. அதற்குள் திருடிய எண்கள் கள்ளச் சந்தையில் விலைக்கு வந்துவிட்டன.

பில் யாருக்கு?

இனி நம் கேள்விக்கு வருவோம். ஒவ்வொருவரும் எவ்வளவு சுமந்தனர்?

வாடிக்கையாளர்: அமெரிக்கச் சட்டம் இவரை ஓரளவு காக்கிறது. 1970-இல் செய்த சட்டத் திருத்தத்தின்படி, கடன் அட்டையைப் பிறர் முறைகேடாகப் பயன்படுத்தினால் உடையவர் ஏற்க வேண்டிய இழப்புக்கு உச்சவரம்பு 50 டாலர்தான். பற்று அட்டைக்கு 1978-இல் தனிச் சட்டம் வந்தது. அட்டை தொலைந்ததை அறிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் சொன்னால் 50 டாலர். தாமதித்தால் 500 டாலர் வரை. வங்கிக் கணக்கறிக்கை வந்து 60 நாட்கள் கடந்தும் சொல்லாவிட்டால் அதன் பிறகு நேரும் இழப்புக்கு வரம்பே இல்லை.

ஆனால் பணம் திரும்ப வருவது வேறு. தேவைப்படும் நாளில் கையில் இருப்பது வேறு. கடன் அட்டையில் திருட்டுப் போவது முதலில் வங்கியின் பணம். பற்று அட்டையில் போவது நம் சேமிப்பு. வங்கி விசாரித்துத் திருப்பித் தரும் வரை வாடகையும் கட்டணங்களும் காத்திருக்குமா? டார்கெட் செய்தி வெளியானவுடன், ஜேபி மார்கன் சேஸ் வங்கி, பாதிக்கப்பட்ட பற்று அட்டைக்காரர்கள் ஒரு நாளில் 100 டாலர் ரொக்கமும் 300 டாலருக்குப் பொருளும் மட்டுமே பெறலாம் என்று கட்டுப்பாடு விதித்தது. அது கிறிஸ்துமஸுக்கு முந்திய வார இறுதி! ஒரு காசும் திருட்டுப் போகாதவர்களும் பண்டிகைக் கடைத்தெருவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றனர். இப்படிப்பட்ட இழப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

அட்டை வழங்கிய வங்கிகள்: போலி அட்டையால் வாங்கிய பொருளுக்கான பணத்தை அக்காலத்தில் பெரும்பாலும் இவையே ஏற்றன. அதற்கு மேல், களவுபோன எண்களைத் தடை செய்து புதிய அட்டைகளைச் செய்து அனுப்ப வேண்டும். தொலைபேசியில் கேட்போருக்கெல்லாம் விடை சொல்ல வேண்டும். வங்கிகளின் சங்கமும் கடன் சங்கங்களின் அமைப்பும் 2014 பிப்ரவரியில் ஒரு கணக்கு வெளியிட்டன. அவற்றின் உறுப்பினர்கள் 2 கோடியே 18 லட்சம் அட்டைகளை மாற்றித் தந்தனர். செலவு 20 கோடி டாலருக்கு மேல். வகுத்துப் பாருங்கள்: ஓர் அட்டைக்குச் சுமார் 9 டாலர். பெரிய வங்கி இதைத் தாங்கும். சிற்றூரில் ஆசிரியர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்தும் கடன் சங்கத்திற்கு இது கனமான சுமை. கதவைத் திறந்து வைத்தது அந்தச் சங்கம் அன்று என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

டார்கெட் நிறுவனம்: வங்கிகளும் வாடிக்கையாளர்களும் வழக்குத் தொடுத்தனர். விசா அட்டை வழங்கிய வங்கிகளுக்கு 6.7 கோடி டாலர் வரை, மாஸ்டர்கார்டு அட்டை வழங்கியவை உள்ளிட்ட வங்கிகளுக்கு 3.94 கோடி டாலர் எனத் தருவதற்கு 2015-இல் உடன்பாடு கண்டது. வாடிக்கையாளர்களுக்கென ஒதுக்கியது 1 கோடி டாலர். 2017-இல் 47 மாநில அரசுகளுக்கும் தலைநகரப் பகுதிக்கும் 1.85 கோடி டாலர். எல்லாம் சேர்த்து இந்நிகழ்ச்சியால் தனக்கு ஏற்பட்ட செலவு 29.2 கோடி டாலர் என்று நிறுவனம் கணக்குக் காட்டியது. அதில் 9 கோடியைக் காப்பீடு ஏற்றது. நிறுவனத்தின் தலைமை நிர்வாகியும் 2014 மே மாதத்தில் பதவி விலகினார்.

29.2 கோடி டாலர் பெருந்தொகைதான். ஆனால் நிறுவனத்தின் ஓராண்டு வருவாய் 7,200 கோடி டாலருக்கு மேல். நூறு ரூபாய் விற்பனையில் நாற்பது காசு என்ற விகிதம்! மறுபுறம், மேற்சொன்ன இரு உடன்பாடுகளால் வங்கிகளுக்குக் கிடைக்கக்கூடியது 10.64 கோடி டாலர். அட்டைகளை மாற்றிய செலவு மட்டுமே அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. எனவே சுமையின் கணிசமான பகுதி, தவறே செய்யாத வங்கிகளின் தலையிலேயே தங்கிவிட்டது.

இறுதியில் நாம் எல்லோரும்: வங்கியும் கடையும் இழப்பைத் தம் பையிலிருந்தா கொடுக்கின்றன? அட்டை விற்பனை ஒவ்வொன்றிலும் கடைக்காரர் சிறு கட்டணம் செலுத்துகிறார். அமெரிக்காவின் மத்திய வங்கி 2011-இல் வகுத்த விதி ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பெரிய வங்கிகள் பற்று அட்டை விற்பனைக்குப் பெறும் கட்டணத்தின் உச்சவரம்பு 21 சென்ட். அதனோடு மோசடி இழப்பை ஈடு செய்ய விற்பனை மதிப்பில் 0.05 விழுக்காடு, மோசடித் தடுப்புப் பணிக்கு மேலும் 1 சென்ட். நூறு டாலர் விற்பனைக்கு மொத்தம் 27 சென்ட். அதில் 6 சென்ட் கள்வர்களின் கணக்கு! கடைக்காரர் இதைச் சேர்த்தே பொருளுக்கு விலை வைக்கிறார். ஆகவே வாழ்நாளில் அட்டையைத் தொடாமல், எண்ணிய சில்லறையைக் கொடுத்து ரொட்டி வாங்கும் மூதாட்டியும் அதில் ஒரு பங்கைச் செலுத்துகிறார்.

இரு நாடுகள் நடத்திய சோதனை

இழப்பை யார் ஏற்பது என்பதற்கும் திருட்டின் அளவுக்கும் உள்ள தொடர்பை, அமெரிக்காவும் பிரிட்டனும் தாம் அறியாமலே நடத்திய ஒரு பரிசோதனை காட்டிற்று.

1980-இல் நியூயார்க் நகர நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஏ.டி.எம். பொறியிலிருந்து தம் 800 டாலரை யாரோ எடுத்துவிட்டதாக ஒரு பெண்மணி புகார் செய்தார். அந்த நேரத்தில் அவர் அலுவலகத்தில் இருந்ததற்குச் சான்று இருந்தது. “எங்கள் கணிப்பொறி தவறு செய்யாது, அவருடைய அட்டையும் இரகசிய எண்ணும்தான் பயன்பட்டன” என்றது வங்கி. பொறியின் அச்சுத்தாளை விட அந்தப் பெண்மணியின் சொல்லையே நீதிமன்றம் நம்பியது. 1978-ஆம் ஆண்டுச் சட்டமும், பணத்தை எடுத்தது வாடிக்கையாளர்தான் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை வங்கியின் மீதே சுமத்தியது.

பிரிட்டனில் நிலை நேர்மாறு. “எங்கள் அமைப்பு பிழையற்றது, நீங்களோ உங்கள் வீட்டாரோதான் எடுத்திருக்க வேண்டும்” என்பதே அங்கே வங்கிகள் தந்த விடை. 1990-களில் ஒரு காவலர், தம் கணக்கில் தாம் எடுக்காத பணம் குறைந்திருப்பதாகப் புகார் செய்தார். அவர் மீதே மோசடி முயற்சி வழக்குப் பாய்ந்தது. 1994-இல் குற்றவாளி எனத் தீர்ப்பு. மேல்முறையீட்டில் 1996-இல்தான் விடுதலை. உண்மையைச் சொன்னதற்காக ஒரு மனிதர் தம் நற்பெயரை ஆண்டுக்கணக்கில் இழந்து நின்றார்.

இவ்விரு நாடுகளில் எங்கே மோசடி அதிகமிருக்கும்? “வங்கியே இழப்பை ஏற்கும் அமெரிக்காவில்தான் மக்கள் பொய்ப் புகார் செய்வார்கள், வங்கிகள் பாதுகாப்புக்கு நிறையச் செலவிட வேண்டியிருக்கும்” என்று நீங்கள் எண்ணலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன் ஆராய்ந்து கண்டது இதற்கு மாறானது. பிரிட்டிஷ் வங்கிகளே பாதுகாப்புக்கு அதிகம் செலவிட்டன. மோசடியும் அங்கேதான் மிகுந்தது. காரணம் எளிது. புகார் எதையும் ஏற்க வேண்டாம் என்ற நிலையில் வங்கி ஊழியர் அசட்டையாயினர். ஓட்டைகள் எங்குள்ளன என்று தேடவே இல்லை. அமெரிக்க வங்கிகளோ ஒவ்வொரு புகாருக்கும் பணம் தர வேண்டியிருந்ததால், எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து அங்கே அடைத்தன. 2001-இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, பாதுகாப்பை ஆராய்பவர்கள் பொருளாதாரமும் கற்க வேண்டும் என்ற புதிய சிந்தனைக்கு வழி வகுத்தது.

பாடம் தெளிவானது. தடுக்கக்கூடியவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர் என்றிருந்தால், தடுக்கக்கூடியவருக்கு அக்கறை இராது. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு கடை 1 லட்சம் ரூபாய் செலவிட்டால் 10 லட்சம் ரூபாய்த் திருட்டைத் தடுக்கலாம். ஊருக்கு இது 9 லட்சம் இலாபம். ஆனால் திருட்டினால் கடைக்கு வரும் இழப்பு 50 ஆயிரம்தான், மற்றது வங்கிகளைச் சேரும் என்றால் கடைக்காரர் செலவிடுவாரா? தம் கணக்கை மட்டும் பார்த்தால் அவருக்கு அது 50 ஆயிரம் நட்டம். இங்கே கடைக்காரர் தீயவர் அல்லர். கணக்குத்தான் தவறாக அமைந்துவிட்டது. ஒரு விபத்தை மிகக் குறைந்த செலவில் தவிர்க்கக்கூடியவர் யாரோ, அவர் மீதே அதன் இழப்பு விழ வேண்டும் என்ற கருத்தை அமெரிக்கச் சட்ட அறிஞர் கைடோ கலப்ரேசி 1970-இலேயே தம் நூலில் விளக்கியிருந்தார்.

சில்லு செய்யும் சாகசம்

பட்டையின் குறையைத் தீர்க்கும் வழி டார்கெட் நிகழ்ச்சிக்கு வெகு முன்பே உலகுக்குத் தெரியும். அதுவே அட்டையில் பொன்னிறத்தில் மின்னும் சில்லு. பிரான்சு நாட்டின் ரோலாண் மொரேனோ 1974-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். பிரான்சு வங்கிகள் 1990-களின் தொடக்கத்திலேயே சில்லு அட்டைக்கு மாறிவிட்டன.

சில்லு ஒரு சிறு கணிப்பொறி. அது தன் இரகசியத்தை யாருக்கும் சொல்வதில்லை. இரகசியம் தனக்குத் தெரியும் என்பதை மட்டும் மெய்ப்பிக்கிறது. எப்படி? நீங்களும் உங்கள் நண்பரும் 37 என்ற எண்ணை இரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் ஓர் எண் சொல்வார். அதை 37-ஆல் பெருக்கி வரும் விடையின் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும். அவர் 512 என்றால், பெருக்கற்பலன் 18,944. உங்கள் விடை 944. அடுத்த முறை அவர் 206 என்றால், பலன் 7,622, விடை 622. இடையில் ஒளிந்து நின்று 944 என்பதைக் கேட்டவன் அடுத்த முறை அதையே சொன்னால் பிடிபடுவான்.

நம் எளிய கணக்கில் கெட்டிக்காரத் திருடன் பின்னோக்கிச் சென்று 37-ஐக் கண்டுபிடித்துவிடக்கூடும். சில்லில் உள்ள கணக்கு அப்படிப்பட்டதன்று. விடையைக் கொண்டு இரகசியத்தை மீட்பது நடைமுறையில் இயலாது. ஒவ்வொரு விற்பனைக்கும் புதிய எண், தொகை, எத்தனையாவது பயன்பாடு என்னும் வரிசை எண் எல்லாம் அதில் கலக்கின்றன. ஆகவே ஒரு கடையில் ஒட்டுக்கேட்டதைக் கொண்டு வேறொரு கடையில் போலிச் சில்லு அட்டையை நீட்ட முடியாது.

பின் ஏன் அமெரிக்கா 2013 வரை பட்டையையே பிடித்துக்கொண்டிருந்தது? புதிய அட்டை தருவது வங்கியின் செலவு; புதிய பொறி வாங்குவது கடையின் செலவு. கடைகளில் பொறி இல்லாவிட்டால் வங்கி தந்த சில்லால் பயனில்லை. மக்களிடம் சில்லு அட்டை இல்லாவிட்டால் கடை வாங்கிய பொறியால் பயனில்லை. “முதலில் நீ” என்று இரு தரப்பும் காத்திருந்தன. வேடிக்கை என்னவென்றால், டார்கெட் நிறுவனமே 2000-களின் தொடக்கத்தில் சில்லு அட்டைகளை அறிமுகம் செய்து, 2004-இல் கைவிட்டிருந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தது ஒரு புதிய விதி. பிரிட்டனில் 2005 ஜனவரி முதலும், அமெரிக்கக் கடைகளில் 2015 அக்டோபர் 1 முதலும் அது நடைமுறைக்கு வந்தது. அதன் சாரம் இது: சில்லு அட்டையை நீட்டியும் கடையில் சில்லு படிக்கும் பொறி இல்லையென்றால், போலி அட்டையின் இழப்பு கடையின் பக்கத்தைச் சேரும், கடையில் பொறி இருந்தும் அட்டையில் சில்லு இல்லையென்றால் வங்கியைச் சேரும். அதாவது, பின்தங்கியவர் பணம் கட்ட வேண்டும். எந்தக் காவலரும் வந்து கட்டாயப்படுத்தவில்லை. இழப்பு விழும் இடத்தை மாற்றியவுடன் பொறிகளும் அட்டைகளும் தாமே மாறத் தொடங்கின. சில்லுக்கு மாறிய அமெரிக்கக் கடைகளில் போலி அட்டை மோசடி மூன்றாண்டுகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்ததாக விசா அறிவித்தது.

அடைத்த மடையும் புதிய மடையும்

ஆனால் ஒரு மடையை அடைத்தால் நீர் வேறு மடையைத் தேடும். கடைக்குப் போகாமல் இணையத்தில் பொருள் வாங்கும்போது சில்லுக்கு வேலை இல்லை. அட்டையின் எண்களைத் தட்டச்சு செய்தால் போதும். போலி அட்டை செய்ய முடியாத கள்வர்கள் இந்தப் பக்கம் திரும்பினர். இத்தகைய விற்பனையில் வாடிக்கையாளர் மறுத்தால், பொதுவாக விற்றவரிடமிருந்தே பணம் திரும்பப் பெறப்படும். பொருளும் போய், பணமும் போய், அபராதக் கட்டணமும் சேரும். வீட்டிலிருந்தபடியே புடவையோ பொம்மையோ விற்கும் சிறு வணிகர் ஒருவருக்கு இப்படி இரண்டு நடந்தால் அம்மாத இலாபம் போய்விடும்.

இதற்கும் ஒரு மாற்று உண்டு. விற்பனையின்போது வங்கியே வாடிக்கையாளரிடம் கடவுச்சொல் கேட்டுச் சரிபார்த்தால், பொதுவாக இழப்பும் வங்கியின் பக்கம் மாறும். நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் இணைய அட்டை விற்பனைக்கு இத்தகைய கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் நம் வீடுகளில் பழகிப்போனது இவ்வாறுதான்.

2016-இல் இந்தியாவிலும் ஓர் அதிர்ச்சி. ஏ.டி.எம். சேவை நிறுவனம் ஒன்றின் கணிப்பொறியில் தீநிரல் புகுந்தது. சுமார் 32 லட்சம் பற்று அட்டைகள் ஆபத்துக்குள்ளானதாகக் கருதப்பட்டன. உண்மையில் பணம் இழந்ததாகப் புகார் செய்தவர்கள் 641 பேர். தொகை சுமார் 1.3 கோடி ரூபாய். அந்த 641 பேருக்காக வங்கிகள் இலட்சக்கணக்கான அட்டைகளைத் தடை செய்து மாற்ற வேண்டியதாயிற்று. இங்கும் அஞ்சலில் புது அட்டை வரும் வரை காத்திருந்தவர்கள், ஒன்றும் திருட்டுப் போகாத குடும்பத்தினரே.

மறு ஆண்டு, 2017 ஜூலையில், ரிசர்வ் வங்கி பொறுப்பை வகுத்து விதி வெளியிட்டது. வங்கியின் குறையால் நேர்ந்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. இருவர் மீதும் குறையின்றி வேறெங்கோ ஓட்டை விழுந்திருந்தால், வங்கியின் செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கும் இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் செய்தால் ஒரு வரம்பு வரை. கடவுச்சொல்லை வாடிக்கையாளரே பிறருக்குச் சொல்லிவிட்டால், புகார் செய்யும் வரையிலான இழப்பு அவருடையது. அதன் பிறகு நேர்வது வங்கியினுடையது. மெய்ப்பிக்கும் பொறுப்பு வங்கிக்கே என்றும் அவ்விதி கூறியது. 1980-இல் நியூயார்க் பெண்மணிக்குக் கிடைத்த நியாயத்தின் சாயலை இதில் காணலாம் அல்லவா? பட்டை மட்டுமுள்ள அட்டைகளை 2018 டிசம்பர் 31-க்குள் சில்லு அட்டைகளாக மாற்றவும் வங்கிகள் பணிக்கப்பட்டன.

ஆனால் இவ்விதியில் ஓர் ஓரம் கூர்மையாக இருப்பதைக் கவனியுங்கள். “வங்கியிலிருந்து பேசுகிறேன்” என்று ஒருவன் நயமாகப் பேசி, முதியவர் ஒருவரிடம் கடவுச்சொல்லைக் கறந்துவிட்டால் குறை யாருடையது? சொன்னவருடையதா? அவருடைய பெயரும் எண்ணும் கள்வனுக்குக் கிடைக்குமாறு விவரங்களைக் கசியவிட்ட ஏதோ ஒரு கடையினுடையதா? வழக்கத்துக்கு மாறான பெருந்தொகை நள்ளிரவில் வெளியேறியபோது தடுக்காத கணிப்பொறியினுடையதா? இக்கேள்விக்கு எல்லோரும் ஏற்கும் விடை இன்னும் பிறக்கவில்லை. வங்கிகளும் அரசுகளும் பல நாடுகளில் இதைப் பற்றித்தான் வாதிட்டுக்கொண்டிருக்கின்றன.

செய்து பாருங்கள்

மூன்று சிறு வேலைகள். முதலாவது, வீட்டில் பெரியவர்களின் அட்டையைத் தடை செய்ய அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணை அவர்கள் வங்கியின் கணக்குப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ பார்த்து, தனித்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அட்டை தொலைந்தால் அதன் பின்புறத்து எண்ணும் சேர்ந்தே தொலையும் அல்லவா? இரண்டாவது, அட்டை ஏற்கும் கடைக்காரர் ஒருவரிடம் நூறு ரூபாய் விற்பனைக்கு அவர் செலுத்தும் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு வாருங்கள். மூன்றாவது, வகுப்பில் ஐவர் எழுந்து நில்லுங்கள்: வாடிக்கையாளர், கடைக்காரர், இரு வங்கிகள், வலையமைப்பு. இக்கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட தொலைக்காட்சிப் பெட்டியின் விலையை யார் தர வேண்டும் என்று வாதிடுங்கள். வாதம் முடிந்ததும் மற்ற மாணவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: “நீங்கள் சொல்லும் தீர்ப்பை நாளை விதியாக்கினால், அடுத்த திருட்டைத் தடுக்க யார் முயல்வார்?”